லண்டன் போன கன்பூசிய ஆசான்



ஒழுக்கம் நம்மிடம் இருக்கிறது, மேற்கிலிருந்து தொழில்நுட்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்ற பேச்சை நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். 19ஆம் நூற்றாண்டு ஜப்பானிலும் இதே பேச்சு இருந்தது. பீரங்கிக் கலை கற்ற சகுமா ஷோசான் என்ற அறிஞர், ஒழுக்கத்துக்குக் கிழக்கு, கலைகளுக்கு மேற்கு என்று பிரித்துச் சொன்னார். அந்த அளவு மேற்கைக்கூடப் பொறுக்காதவர்கள் 1864இல் கியோத்தோவில் அவரை வெட்டிக் கொன்றார்கள்.

இந்தப் பிரிவினையையே ஏற்காத ஒருவர் இருந்தார். நகமுரா மசனாவோ, 1832இல் இன்றைய டோக்கியோவில் பிறந்தவர். ஷோகுன் அரசின் கன்பூசியக் கல்லூரியில் படித்து, முப்பது வயதளவில் அரச கன்பூசிய அறிஞராக நியமனம் பெற்றார். மரபுக் கல்வியில் அதற்கு மேல் பெரிய பதவி கிடையாது. அப்படிப்பட்டவர் ஆங்கிலம் படிக்க ஆசைப்பட்டு, ஆங்கில-சீன அகராதி ஒன்றை இரவல் வாங்கித் தன் கையாலேயே முழுவதும் பிரதி எடுத்தார். ஒரு சொல்லைத் தேடவே சலித்துக்கொள்ளும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டும்!

1866இல் அரசு பிரித்தானியாவுக்கு மாணவர்களை அனுப்பியபோது, தன்னையும் அனுப்புமாறு விண்ணப்பித்தார். வானத்தையும் பூமியையும் மனிதரையும் அறிபவனே கன்பூசிய அறிஞன். அப்படியென்றால் பிற நாட்டு அறிவும் அவனுடைய கடமைக்குள் வரும் என்பது அவரது வாதம். மேற்கில் இயந்திரம் மட்டுமல்ல, மனத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிய கல்வியும் உண்டு, அதை யாரும் படித்து வரவில்லையே என்றும் கேட்டார். மாணவர்களின் மேற்பார்வையாளராக, 34 வயதில் கப்பலேறினார்.

1868இல் திரும்பியபோது அனுப்பிய அரசே கவிழ்ந்திருந்தது. விடைபெறும்போது ஆங்கில நண்பர் ஒருவர் கொடுத்த சாமுவேல் ஸ்மைல்ஸின் 'சுய உதவி' நூலைக் கப்பலிலேயே படித்திருந்தார். ஷிசுவோக்காவில் ஆசிரியராக இருந்துகொண்டு அதை மொழிபெயர்த்தார். 1871இல் வெளிவந்து முடிந்த அந்த நூல் மெய்ஜி காலத்தில் இலட்சக்கணக்கில் விற்றது. போர்க்கலை நூலை மொழிபெயர்த்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு அதன் முன்னுரையிலேயே பதில் வைத்தார்: மேற்கு நாடுகளின் பலம் படையில் இல்லை, மக்களின் நடத்தையில் இருக்கிறது என்று. அடுத்த ஆண்டே ஜோன் ஸ்டுவர்ட் மில்லின் சுதந்திரம் பற்றிய நூலையும் கொண்டுவந்தார்.

1874இல் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். நம்மில் சிலருக்கு இந்த இடம் நெருடலாம். ஆனால் கன்பூசிய நூல்களை அவர் கடைசிவரை கைவிடவில்லை. அவற்றில் வரும் 'வானம்' என்ற சொல்லையே, மனிதரைக் கண்காணிக்கும் ஒரு மேலான சக்தியாகப் புரிந்துகொண்டிருந்தவர் அவர். 1887இல், சீன நூல்களைப் பாடத்திலிருந்து தூக்கிவிடலாம் என்ற குரல் ஓங்கியபோது, கூடாது என்று எழுதினார். சீன நூலில் அடித்தளம் உள்ள மாணவர்களே மேலைக் கல்வியிலும் முன்னேறுகிறார்கள் என்பது அவர் கண்ட அனுபவம்.

டோக்கியோவின் பெண் ஆசிரியர் பயிற்சிப் பாடசாலைக்கும் அவர் தலைமை தாங்கினார். 1876இல் ஜப்பானின் முதல் அரச பாலர் பாடசாலை அதனோடு இணைந்துதான் திறக்கப்பட்டது. கல்வி வரலாறு படிக்கும் ஆசிரியர்கள் இதைத் தனியாகத் தேடிப் பார்க்கலாம்.

1890இல் நாட்டின் கல்விக்கான அரச பிரகடனத்தின் முதல் வரைவு அவரிடம்தான் கேட்கப்பட்டது. மன்னரிடம் விசுவாசமும் பெற்றோரிடம் மரியாதையும் வானத்துக்கு அஞ்சும் மனச்சாட்சியிலிருந்து பிறக்க வேண்டும் என்ற அடிப்படையில் எழுதினார். இது சமயமும் தத்துவமும் பேசுகிறது, அரச கட்டளைக்குப் பொருந்தாது என்று அதிகாரி இனோவே கோவாஷி நிராகரித்தார். நம் பார்வையில் அவர்களைச் சங்கடப்படுத்தியது சமயம் மட்டுமல்ல. மன்னருக்கும் மேலே ஒன்று இருக்கிறது என்ற எண்ணமும்தான்.

இனோவேயும் கன்பூசிய அறிஞர் மொத்தோதாவும் சேர்ந்து வேறொன்றை ஆக்கினார்கள். அதிலும் பெற்றோர் மரியாதை, சகோதர பாசம் எல்லாம் இருந்தன. ஆனால் ஆபத்து வந்தால் துணிந்து அரசுக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதில் போய் முடிந்தது. அடுத்த ஆண்டு நகமுரா இறந்தார். அந்தப் பிரகடனத்தைப் பாடசாலைப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்தார்கள். உலகப் போரில் தோற்ற பின், 1948இல்தான் ஜப்பானியப் பாராளுமன்றம் அதை நீக்கியது.