பூதிகோட்டையும் வெற்றி மண்டபமும்

கோலார்த் தங்கவயலை அடுத்த பூதிகோட்டைக்கு மாளிகைப் பெருமை இல்லை. பாறைக் குன்றும் சிதைந்த கோட்டை மதிலுமே அதன் செல்வம். பூதி என்பது சாம்பல். பெயரே பிற்கால நிலையைச் சொல்லிவிட்டது போலும்! ஆயினும் 1720ஆம் ஆண்டை ஒட்டி ஐதர் அலி பிறந்த ஊர் இதுவே என்பர். அவர் நிறுவிய அரசின் வீழ்ச்சியைக் கொண்டாட எழுந்த கட்டடத்தை நம்மிற் பலரும் கண்டிருப்போம். சென்னை இராசாசி மண்டபமே அது.

அது ஜார்ஜியப் பாணியில் அமைந்தது. 1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்னும் பெயருடைய மன்னர் நால்வர் இங்கிலாந்தை அடுத்தடுத்து ஆண்டனர். அவர்கள் காலத்துக் கட்டடக்கலை அப்பெயர் பெற்றது. நிரல்பட்ட தூண்களும், முக்கோண முகப்பும், இருபுறமும் ஒத்த அமைப்பும் அதன் இலக்கணம்.

அயர்லாந்தின் டப்ளின் நகரம் இப்பாணிக்குப் பெயர்பெற்றது. அங்கு 1729இல் எட்வர்டு லவெட் பியர்சின் திட்டப்படி நாடாளுமன்ற மாளிகைக்குக் கால்கோள் இடப்பட்டது. டப்ளினிற் பிறந்த ஆர்தர் வெல்லெஸ்லி, 1790 முதற் சில ஆண்டுகள் அம்மாளிகையில் டிரிம் தொகுதியின் உறுப்பினராக வீற்றிருந்தார். 1799 மே 4இல் ஐதரின் மைந்தர் திப்பு சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபோது, ஆங்கிலப் படைத்தலைவர்களுள் ஒருவராக நின்றவரும் அவரே. போரை மூட்டிய கவர்னர் ஜெனரல் ரிச்சர்டு வெல்லெஸ்லியோ அவர்தம் தமையனார்.

பிளாசி வெற்றியையும் இவ்வெற்றியையும் ஒருங்கே போற்றும் விருந்து மண்டபம் சென்னையில் 1802இல் திறக்கப்பெற்றது. கிரேக்கக் கோயிலை நினைவூட்டும் அதனைக் கட்டிய ஜான் கோல்டிங்காம், கும்பினியாரின் வானநூல் அறிஞர். விண்மீன்களை அளந்தவர் தூண்களையும் அளந்தார்! எனினும் அக்காலச் சென்னைக் கட்டடங்களின் ஒளி நம் கொத்தர்தம் கைத்திறனே. கிளிஞ்சற் சுண்ணாம்பை அரைத்துப் பூசி அவர்கள் ஏற்றிய மெருகைச் சலவைக்கல் என்றே ஐரோப்பியர் மயங்கினர்.

இரண்டு கட்டடங்களும் கட்டியோர் கருதியவாறு வாழவில்லை. 1800ஆம் ஆண்டு இணைப்புச் சட்டத்தால் அயர்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்தது. டப்ளின் மாளிகை 1803இல் வங்கிக்கு விற்கப்பட்டது. சென்னை மண்டபம் 1948இல் இராசாசியின் பெயரைப் பெற்றது. 1969இல் அண்ணாவின் உடலும், 1975இல் காமராசர் உடலும், 1987இல் எம்.ஜி.ஆர். உடலும் அங்கு வைக்கப்பட்டன. வெள்ளையர் களித்து ஏறிய படிகளில் தமிழ்மக்கள் கண்ணீரோடு ஏறினர்.

பூதிகோட்டை மதிலுக்கு அத்தகைய அகன்ற படிகள் இல்லை. தங்கவயலில் வாழும் சங்கத்தார் அடுத்த விடுமுறையிலேனும் மக்களை அழைத்துச் சென்று, அக்குன்றைக் காட்டி வருவார்களாக.