கிரி என்றால் மலையில்லை

நீலகிரி, கிருஷ்ணகிரி, சிவகிரி என்று பழகிய காதுக்கு, மலேசியாவின் கெடா மாநிலத்துச் சிடாம் கிரி என்றதும் மலை ஞாபகம்தான் வரும். கெடாவில் மலைக்குப் பஞ்சமில்லை. குனோங் ஜெராய் நடுக்கடலிலிருந்தே தெரியும். பழைய மாலுமிகளுக்கு அதுவே அடையாளம். ஆனால் இந்தக் கிரி வடமொழிக் கிரி அல்ல, மலாய்க் கிரி. பொருள், இடது. கூலிம் மாவட்டத்தில் சிடாம் கானான் இருக்கிறது. கானான் என்றால் வலது.

தமிழ்க் காது கெடாவில் செய்த வேலை இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். ‘பெத்தானி’ என்றால் மலாயில் உழவர். உழவர் ஆறு என்ற ஊரை நாம் சுங்கைப்பட்டாணி ஆக்கி, நாளிதழ்த் தலைப்பு வரை கொண்டுபோய்விட்டோம். மூடா ஆற்றின் பெயரில் இருப்பது இளமை. நமக்கோ யாரையோ கூப்பிட்டுத் திட்டுவதுபோல் கேட்கிறது. கெடாவுக்கு வெளியே, பத்துமலையிலும் பத்து மலைகளை எண்ணத் தேவையில்லை என்பது தைப்பூசத்துக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். அங்கே பத்து என்பது ‘பாத்து’, கல்.

சிடாம் கிரி என்ற பெயரின் முன்பாதி இருக்கட்டும், பின்பாதிக்கு வருவோம். இடது என்றால் யாருக்கு இடது? மலை இருந்த இடத்திலேயே இருக்கும். இடது அப்படியல்ல, ஆள் திரும்பினால் அதுவும் திரும்பிவிடும். ஒரு நிலத்துக்கு நிரந்தரமாக ‘இடது’ என்று பெயர் வைக்க வேண்டுமானால், எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும்.

கெடாவின் மிக நீளமான ஆறு சுங்கை மூடா. சிக் பக்கமிருந்து தெற்கே இறங்கி, பிறகு மேற்கே திரும்பி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. சிடாம் கிரி இருக்கும் கோல மூடா மாவட்டம் ஆற்றுக்கு வடக்கே. சிடாம் கானான் இருக்கும் கூலிம் மாவட்டம் தெற்கே. புவியியல் பாடநூல் முறைப்படி, ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றுகொண்டுதான் இடக்கரை வலக்கரை சொல்ல வேண்டும். மேற்கே பார்த்து நின்றால் வடக்கு வலக்கைப் பக்கம் வருகிறது. ‘இடது’ என்று பெயர் பெற்ற ஊர் பாடநூல் கணக்கில் வலக்கரையில் நிற்கிறது!

பெயரில் பிழையில்லை. பெயர் வைத்தவன் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். கடல் வழியாக வந்து, ஆற்றுவாயில் நுழைந்து, நீரோட்டத்தை எதிர்த்துப் படகு வலித்தவனுக்குத் தெற்குக் கரை வலக்கைப் பக்கம், வடக்குக் கரை இடக்கைப் பக்கம். இன்னும் மேலே போய்ப் பார்த்தாலும் இதே கணக்கு. தெலோய் கானான் பாலிங் மாவட்டத்தில், தெலோய் கிரி கோல மூடா மாவட்டத்தில். அங்கே ஆறு வடக்கிலிருந்து தெற்கே வருகிறது. எதிர்த்துப் போகிறவனுக்கு வலக்கைப் பக்கம் கிழக்கு. பாலிங் கிழக்கேதான் இருக்கிறது. இரண்டு ஜோடியும் ஒரே படகிலிருந்து பெயர் பெற்றவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆற்றை எதிர்த்து மேலே போவதற்கு மலாயில் ‘மூடிக்’ என்று தனிச்சொல் உண்டு. ஓட்டத்தோடு இறங்குவது ‘ஹிலிர்’. இரண்டையும் சேர்த்து ‘ஹிலிர் மூடிக்’ என்றால் போக்குவரத்து, இங்குமங்கும் அலைதல். இந்தோனேசியாவில் பெருநாளுக்குச் சொந்த ஊர் திரும்புவதே இன்று ‘மூடிக்’. ஆற்றின் தலைப்பகுதி ‘ஹூலு’. உலு சிலாங்கூர் என்று நாம் எழுதுவது அதுதான். பட்டிக்காடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் மலேசியத் தமிழர் ‘உலு’ என்பதும் அதிலிருந்து வந்ததே.

தமிழன் ஆற்றங்கரைக்குப் பெயர் வைத்த விதம் வேறு. காவிரியின் பாடல்பெற்ற தலங்களை வடகரையில் 63, தென்கரையில் 127 என்று பிரித்தார்கள். பெரியகுளத்தில் வராக நதிக்கு இருபுறமும் வடகரை, தென்கரைதான். இடக்கரை, வலக்கரை என்ற ஊர்ப்பெயர் நம்மிடம் புழங்கவில்லை. வடகரையில் யார் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அது வடகரையே. சோழநாட்டான் கரையில் ஊன்றி நின்று திசை சொன்னான். மூடா ஆற்று மலாய்க்காரன் படகில் உட்கார்ந்து கை காட்டினான்.

1800இல் கெடா சுல்தான் மூடா ஆற்றுக்குத் தெற்கே கடலோர நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தபோது, வழியாக இருந்த ஆற்றின் கீழ்ப்பகுதி எல்லையாயிற்று. 1909 பாங்காக் ஒப்பந்தத்தில் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்தது. ரப்பர் பெருகியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம்மவர்கள் யாரும் சிடாம் கிரிக்குப் படகு வலித்து வரவில்லை. ஆற்றுக்காரன் வைத்த பெயரை, சாலை வழியே வந்தவர்கள் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சாலைக்கு ரப்பர் தோட்டத்தில் பெயர் சாலையல்ல, சடக்கு. தமிழ்நாட்டு வாசகருக்குச் ‘சடக்கென்று திரும்பினான்’ மட்டுமே தெரியும். இங்கே சடக்கு என்றால் வண்டி போகும் ரோடு, இந்துஸ்தானியில் ‘சடக்’. மலேசியச் சிறுகதைகளில் செம்மண் சடக்கு வராத தோட்டம் அபூர்வம். ஆள் நடந்து தேய்த்தது பாதை. மரங்களுக்கிடையே பால் வெட்டுக்காரர் போவது நிரை. லோரி போனால்தான் சடக்கு. இப்படிக் கறாராகப் பிரித்துப் பேசிய தோட்டத்து ஆட்களை நினைத்தால், எல்லாவற்றையும் ‘ரோடு’ என்று முடித்துவிடும் நமக்கு வார்த்தை சுருங்கிவிட்டது தெரியும்.

சடக்குக்கு ஒரு குறை உண்டு. ‘பிழைக்க ஒரு வழி’ என்கிறோம், ‘தப்பான பாதை’ என்கிறோம். பிழைக்க ஒரு சடக்கு என்று எவரும் சொல்வதில்லை. இரவல் சொல் காலுக்கு மட்டும் உதவியது, மனசுக்குள் வரவில்லை. மலாய் ‘ஜாலான்’ நேர்மாறு: நடப்பது ஜாலான், ரோடு ஜாலான், சிக்கலுக்குத் தீர்வு காணும் வழியும் ஜாலான். ஊர் சுற்றினால் ‘ஜாலான் ஜாலான்’. அதைத் தமிழ்ப் பிள்ளைகளும் மலாய்ச் சொல் என்ற நினைப்பில்லாமல் சொல்கிறார்கள்.

தூரத்தை அளந்த சொல் இன்னும் சுவையானது. மைலுக்கு மலாயில் பாத்து, அதாவது கல். பாத்து தீகா என்றால் மூன்றாவது மைல். தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று காட்டுகிறது. நமக்கும் தூரம் என்றால் கல்தான். ஆனால் மலாயாத் தோட்டத்துத் தமிழன் கல் என்று சொல்லவில்லை, ‘கட்டை’ என்றான். இலங்கையிலும் கட்டைதான். சடக்கோரம் நட்ட மைல்கட்டை, அளவின் பெயராகவே ஆகிவிட்டது. ஆகவே ஒரே இடம் மலாய்க்காரருக்கு மூன்றாம் கல், தமிழருக்கு மூணாங்கட்டை. மைல் போய்க் கிலோமீட்டர் வந்து பல பத்தாண்டுகள் ஆயின. எட்டாங்கட்டையை யாரும் கிலோமீட்டருக்கு மாற்றி, பதின்மூன்றாங்கட்டை ஆக்கவில்லை.