கரைபொருளின் நிலைகளும் கரைசலும்: காரைக்கால் கரையோரம்

கரைசலில் மிகுதியாக இருப்பது கரைப்பான். குறைவாக இருந்து அதில் சீராகப் பரவி நிற்பது கரைபொருள். கரைபொருள் திடமாக, திரவமாக, வாயுவாக இருக்கலாம். அரசலாறு கடல் சேரும் காரைக்காலில் மூன்றுக்கும் வரலாறு உண்டு. அதில் நீண்டது உப்பின் வரலாறு.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. நீர் மூலக்கூறுகள் படிகத்தின் அயனிகளைச் சூழ்ந்து பிரித்தெடுப்பதே கரைதல். உப்பு நீரில் அயனிகளாகப் பிரிவதை 1887இல் சுவீடன் அறிஞர் அர்ரேனியஸ் விளக்கினார். உப்பளத்தில் வேலை அதற்கு நெடுங்காலம் முன்பே நடந்துகொண்டிருந்தது. 100 கிராம் நீர் 0 டிகிரி செல்சியசில் 35.7 கிராம் உப்பைக் கரைக்கும். 100 டிகிரியிலும் 39 கிராம்தான். ஆகவே குளிரவைத்து உப்பெடுக்க முடியாது, வெயிலில் நீரை வற்றவிட வேண்டும். பாத்தியில் முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். நீரின் அடர்த்தி சுமார் 25 டிகிரி போமே ஏறியதும் உப்பு பூக்கும். 29, 30 தொட்டால் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து உப்பின் தரம் கெடும்.

இந்த அளவை வகுத்த அந்துவான் போமே ஒரு பிரெஞ்சு வேதியியலர், ஆண்டு 1768. காரைக்காலோ 1739 முதலே பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆனால் அங்கு உப்பு விளைச்சலை நிறுத்தியது வேதியியல் அல்ல, வரி. பிரிட்டிஷ் உப்பு ஏகபோகத்தைக் காக்க 1818 மே 13இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் அளங்களை மூட ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் இழப்பீடு. கடலோர ஊர் வெளியிலிருந்து உப்பு வாங்க நேர்ந்தது விந்தைதான். தெற்கே வேதாரண்யத்தில் 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பு அள்ளியதும் அதே ஏகபோகத்தை எதிர்த்துத்தான்.

திரவக் கரைபொருளுக்குச் சாராயம் சான்று. 50 மில்லி ஆல்கஹாலும் 50 மில்லி நீரும் சேர்ந்தால் 100 வராது. 96 அல்லது 97 மில்லிதான். மூலக்கூறுகள் நெருங்கி அமர்வதே காரணம். அதனால்தான் சாராயத்தின் வீரியத்தை அளக்க பிரெஞ்சு வேதியியலர் கே-லுசாக் 1824இல் தனி அளவுகோல் வகுத்தார்.

வாயுவின் போக்கு வேறு: சூடு ஏறினால் கரைதிறன் குறையும். 30 டிகிரியில் நன்னீரில் ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான் நிற்கும், உப்புநீரில் இன்னும் குறைவு. கரையோர இறால் குளங்களில் இரவில் ஒளிச்சேர்க்கை நின்று சுவாசம் மட்டும் தொடர்வதால், கரைந்த ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன் மிகவும் இறங்கும். காற்றூட்டும் சக்கரங்களை இரவில் ஓட்டுவது அதனால்தான்.