சிறப்புப் பட்டமும் அவையோர் ஒப்புதலும்

முதுமலைக் காட்டினூடே மோயாறு ஓடும் தெப்பக்காட்டு யானைகள் முகாமில் நெடுங்காலமாக ஒரு கல்வி நடைபெற்று வருகிறது. அதன் பாடத்திட்டம் அச்சேறியதில்லை. அதற்கு வினாத்தாளும் இல்லை. காவடியாகச் சேரும் இளைஞன் மூத்த பாகனின் பின்னே நின்று தழை வெட்டப் பழகுகிறான். யானையை ஆற்றில் கிடத்தித் தேய்த்துக் குளிப்பாட்டப் பழகுகிறான். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்துக் கவளம் உருட்டப் பழகுகிறான். கன்னத்தில் மதநீர் கசியும் குறிப்பைத் தொலைவிலிருந்தே காணும் கண் அவனுக்கு வாய்ப்பதற்குப் பல்லாண்டுகள் ஆகின்றன. அவன் தேர்ந்துவிட்டானா என்பதை முதலில் அறிபவர்கள் அந்த மூத்த பாகனும் அந்த யானையுமே ஆவர்.

தாயற்ற யானைக்கன்றுகளை வளர்த்த தெப்பக்காட்டுத் தம்பதியரான பொம்மன், பெள்ளி ஆகியோரைப் பற்றிய ஆவணப்படம் 2023ஆம் ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது. அதே ஆண்டில் தமிழக அரசு பெள்ளி அவர்களைக் காவடிப் பணியில் அமர்த்தியது. அப்பணியமர்த்தத்திற்குச் சான்றாக நின்றது பட்டமன்று. கைப்பழக்கமும் அதைக் கண்டறிந்தோர் கூற்றுமே சான்றாக நின்றன. அறிவின் தரத்தை யார் அளப்பது, எதைக்கொண்டு அளப்பது என்னும் பழைய வினாவை இந்நிகழ்ச்சி மீண்டும் எழுப்புகின்றது. பல்கலைக்கழகங்கள் ‘ஆனர்ஸ்’ என வழங்கும் சிறப்புப் பட்டத்தின் வரலாறும் இவ்வொரு வினாவுக்கு விடைதேடிய வரலாறே எனலாம்.

அரங்கேற்றமும் தேர்வும்

தமிழர்க்குத் தர அளவீடு புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதென்று பனம்பாரனாரின் பாயிரம் உரைக்கின்றது. நூலாசிரியன் அவையில் நின்று தன் நூலை எடுத்துரைப்பான். கற்றுத் துறைபோகியோர் ஐயம் எழுப்புவர். அவன் விடை பகர்வான். அரங்கேற்றம் என்னும் மரபு இதுவே. இங்கு மதிப்பெண் இல்லை, ஒப்புதல் உண்டு. எனினும் இம்மரபின் குறையையும் மறைத்தல் ஆகாது. அவைக்குள் புகும் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. ஆசிரியர் ஒருவர் கிடைப்பதும், அவரிடம் ஆண்டுக்கணக்கில் உடனுறைந்து கற்பதும் மிகச் சிலருக்கே வாய்த்தன.

1857ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் இதற்கு மாறான வழியில் சென்றது. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அது தொடக்கத்தில் கற்பிக்கும் நிறுவனமாக அமையவில்லை. தேர்வு நடத்தும் நிறுவனமாகவே அமைந்தது. அதன் விதிகள் அச்சிடப்பட்டு யாவரும் படிக்கக் கிடைத்தன. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். கடல் கடந்து வந்தவர்க்கும் வாயில் திறந்ததென்பது எழுதப்பட்ட விதியின் பெருமை. ஆயினும், 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையின் தமிழ்ப்புலமை அப்பட்டத்தால் விளைந்ததன்று. பட்டம் ஒருபுறமும் புலமை மறுபுறமுமாக ஒரே மனிதரிடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

பட்டமில்லாப் பேராசான்

1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் நிலையில், அவர்தம் பரிந்துரையின்பேரில் உ. வே. சாமிநாதையர் தமிழாசிரியராக அமர்ந்தார். திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் இல்லை. 1903 வரை அங்கும், பின்னர் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலுமாக ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பட்டதாரிகளை உருவாக்கும் கல்லூரிகளில் அவர் பாடஞ் சொன்னார். அப்பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துத் தன்னைச் சிறப்பித்துக் கொண்டது 1932ஆம் ஆண்டில்தான்.

இதற்கிடையே தமிழின் இடமே ஐயத்திற்குள்ளாயிற்று. 1902இல் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பிலிருந்து நாட்டுமொழிகளை நீக்கும் முயற்சி எழுந்தபோது, பரிதிமாற் கலைஞரும் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதனை எதிர்த்து வாதிட்டனர். அடுத்த ஆண்டே பரிதிமாற் கலைஞர் இளமையில் மறைந்தார். ஒரு மொழிக்குப் பாடத்திட்டத்தில் இடம் உண்டா இல்லையா என்பதே வழக்காக இருந்த காலத்தில், அம்மொழியில் சிறப்புப் பட்டம் என்பது தொலைவான கனவே.

ஆனர்ஸ் வந்த வழி

ஆக்ஸ்போர்டில் 1800ஆம் ஆண்டின் தேர்வு விதி, வெறுமனே தேறியோரையும் சிறப்புடன் தேறியோரையும் வேறுபடுத்தத் தொடங்கிற்று. கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வுக்கு ‘டிரைபாஸ்’ என்று பெயர்; முற்காலத்தில் வினவுவோன் அமர்ந்த முக்காலியிலிருந்து அப்பெயர் பிறந்ததென்பர். எழுத்துத் தேர்வாக மாறிய பின்னும் அப்பெயருக்குள் ஒரு பழைய அவை ஒளிந்திருப்பது கருதத்தக்கது.

இம்முறை 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தை ஒட்டிப் பிறந்த புதிய விதிகளின் வழியே சென்னைக்கும் வந்தது. இண்டர்மீடியட் முடித்தவர் சாதாரணப் பட்டத்திற்கு இரண்டாண்டுகள் பயில வேண்டும். ஆனர்ஸ் பட்டத்திற்கு மூன்றாண்டுகள். பல பாடங்களை மேலோட்டமாகக் கற்பதை விட்டு ஒரு பாடத்தில் ஆழ்வதே அதன் இயல்பு. ஆனர்ஸ் பெற்றவர்க்கு மேலும் ஒரு தேர்வின்றியே எம்.ஏ. பட்டமும் உரியதாயிற்று. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பயின்ற சு. சந்திரசேகர் 1930இல் அப்பட்டத்துடன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றார். பச்சையப்பன் கல்லூரியில் கா. ந. அண்ணாதுரை 1934இல் ஆனர்ஸ் தேறினார். நெசவாளர் குடும்பத்து இளைஞர் ஒருவர் பொருளியலில் ஆழ்ந்து கற்பதற்கு அந்த மூன்றாண்டு விதி இடம் தந்தது.

அதே விதி தடுத்து நிறுத்தியவரையும் வரலாறு மறக்கவில்லை. சாமிநாதையர் கும்பகோணத்தை விட்டு நீங்கிய மறு ஆண்டு, அக்கல்லூரியில் சீனிவாச இராமானுஜன் சேர்ந்தார். கணிதத்தில் மட்டுமே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. ஒரு துறையில் ஆழ்வதே சிறப்பெனின், அவரினும் சிறப்புடையார் எவர்? ஆனால், அந்த ஆழத்திற்குச் செல்லும் முன் அகலத்தில் தேற வேண்டுமென்பது விதி. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் விதியைத் தளர்த்திப் பட்டமற்ற அவருக்குத் திங்கள் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கிற்று. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆய்வை ஏற்றுப் பட்டம் அளித்தது. விதி வளைந்ததற்குக் காரணம், அவர் கணக்கேட்டைப் படித்துப் பொருள் உணரவல்ல சிலர் சென்னையிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்தமையே. அறிந்தோர் அவை ஒன்று வாய்த்ததனால் விதியின் குறை நிரப்பப்பட்டது.

தமிழின் தனி ஏணி

தமிழ் கற்றோர்க்கு நெடுங்காலம் வேறோர் ஏணியே கிடைத்தது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பண்டிதத் தேர்வுகளை நடத்திற்று. யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமும் அவ்வழியிற் சென்றது. பல்கலைக்கழகம் வித்துவான் தேர்வையும், கீழ்த்திசை மொழிகளுக்கென பி.ஓ.எல்., எம்.ஓ.எல். ஆகிய பட்டங்களையும் அமைத்தது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் தமிழ் உயர்கல்விக்கு மற்றொரு வீடு கிடைத்தது. விபுலானந்த அடிகள் அங்குத் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார்.

மு. வரதராசனாரின் வாழ்க்கை இவ்வேணியின் படிகளைத் தெளிவாகக் காட்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய அவர் 1935இல் வித்துவான் தேர்வில் முதன்மையாகத் தேறினார், 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கான முதல் டாக்டர் பட்டம் என ஒவ்வொன்றாக ஏறினார். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய அவ்வாய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பெற்றது. தமிழின் முதல் டாக்டர், தமிழைப் பற்றித் தமிழில் எழுதிப் பட்டம் பெறவில்லை என்பது அக்கால விதியின் இயல்பை உணர்த்தும். ஆயினும் வசதி குன்றிய ஓர் எழுத்தர் தனியே படித்துப் படிப்படியாக ஏறிப் பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகும் வாய்ப்பையும் அதே விதிகள்தாம் தந்தன. இரண்டையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

மறைவும் மீள்வரவும்

1956இல் புகுமுக வகுப்பும் அதனையடுத்து மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் வந்தபின் சென்னையில் ஆனர்ஸ் மெல்ல மறைந்தது. உதகையில் ஜான் சல்லிவன் எழுப்பிய கல்வீட்டு வளாகத்தில் அரசு கலைக்கல்லூரி தோன்றியது 1955இல். எனவே நீலகிரியின் உயர்கல்வி வேரூன்றிய காலமும் ஆனர்ஸ் விடைபெற்ற காலமும் ஒன்றாயின. 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் பிறந்தபோது அச்சொல் இம்மாவட்டத்தார்க்குத் தாத்தாக்களின் பெயர்ப்பலகையில் மட்டுமே எஞ்சியிருந்தது. தில்லியும் கல்கத்தாவும் அதனைக் கைவிடவில்லை. இலங்கையில் அது ‘சிறப்பு’ என்னும் தமிழ்ப்பெயர் தாங்கி நிலைத்தது. பேராதனையில் 1957இல் தமிழ்ச் சிறப்புப் பட்டம் பெற்ற க. கைலாசபதி தமிழ்த் திறனாய்வின் போக்கையே மாற்றினார். இன்றைய இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பொதுப் பட்டத்திற்கு 90 அலகுகள், சிறப்புப் பட்டத்திற்கு 120 அலகுகள்.

இந்தியாவில் ஆனர்ஸ் இரு வழிகளில் திரும்பி வந்துள்ளது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அமைத்த ஐந்தாம் முதல்வர்கள் குழுவின் பரிந்துரைக்குப் பின் வேளாண்மை, வனவியல் முதலிய நான்காண்டுப் பட்டங்கள் ஆனர்ஸ் என்னும் அடைமொழி பெற்றன. மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியின் பட்டமும் அத்தகையதே. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட சட்டகம் கலை, அறிவியல் படிப்புகளுக்கும் இதனை விரித்தது. மூன்றாண்டுகளில் 120 மதிப்பலகுகள் பெற்றால் பட்டம். நான்காண்டுகளில் 160 பெற்றால் ஆனர்ஸ். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர் 12 மதிப்பலகுக்கு ஆய்வேடு எழுதி ‘ஆய்வுடன் ஆனர்ஸ்’ பெறலாம். வகுப்பறைப் பாடத்தின் 15 மணி நேரம் ஒரு மதிப்பலகு. செய்முறையாயின் 30 மணி நேரம். ஆனர்ஸ் முடித்தவர்க்கு முதுகலை ஓராண்டே என்பது பழைய சென்னை விதியின் எதிரொலி போல் ஒலிக்கின்றது. இச்சட்டகத்திற்கு அடிப்படையான 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழக அரசு எதிர்த்ததும் இவ்வரலாற்றின் பகுதியே.

நான்காம் ஆண்டு என்பது தாளில் 40 மதிப்பலகு. கூடலூரில் தோட்டக் கூலியில் வாழும் குடும்பத்திற்கோ அது மேலும் ஓராண்டு வருவாய் இழப்பு. பள்ளிப் பாடமொழியே தன் தாய்மொழியன்று என்னும் நிலையிலிருந்து வரும் பணியர், காட்டுநாயக்கர் மக்களுக்கு 75 விழுக்காடு என்னும் எல்லைக்கோடு முதற்பருவத்திலிருந்தே எண்ணப்படுகின்றது. தாமதமாக மலரும் அறிவுக்கு அதில் இடமில்லை. இராமானுஜனை நிறுத்திய வேலி வேறு பெயரில் மீண்டும் எழுந்துவிடலாகாது.

தெப்பக்காட்டில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை ‘யானை டாக்டர்’ என்னும் பெயரால் இலக்கிய வாசகர் அறிவர். ஜெயமோகனின் கதை அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பட்டம் அவரை இக்காட்டு வேலைக்குக் கொண்டுவந்தது. யானையைப் பற்றிய அறிவோ பாகர்களோடும் யானைகளோடும் கழிந்த ஆண்டுகளில் நிறைந்தது. பட்டம் அவருக்கு வாயில். அவர் அமர்ந்து கற்ற அவை மோயாற்றங்கரையில் இருந்தது.

விதி வேண்டும், அது வாயிலை எல்லார்க்கும் பொதுவாக்குகின்றது. அவையும் வேண்டும், உள்ளே வந்தவரின் ஆழத்தை அதுவே அறியும். அவையற்ற விதி மணிக்கணக்காகச் சுருங்கும். விதியற்ற அவை சிலருடைய சொத்தாகக் குறுகும். பத்தாண்டுகளாகக் கூடிவரும் இலக்கிய வட்டத்தார் இதனை நன்கறிவர். கவிதை ஒன்று படிக்கப்பட்டதும் சில நொடி நிலவும் அமைதியும், பின்னர் மூலையிலிருந்து எழும் ஒரு வினாவும் எந்தச் சட்டகத்திலும் மதிப்பலகாக ஏறுவதில்லை. அவ்வினாவை எழுப்ப வல்லவர் யாரும் வெளியே நிற்கவில்லை என்று உறுதி செய்துகொள்வதே அடுத்த பத்தாண்டுக்குரிய பணியாகும்.