நாவிதர், மருத்துவர், மசாஜ்: கொஞ்சம் பழங்கதை

காரைக்கால்னு சொன்னதும் வெளியூர் நண்பர்களுக்கு ரெண்டே விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு பாட்டில். இன்னொண்ணு திருநள்ளாறு. பாட்டிலை வேறொரு பதிவுக்கு வச்சுக்கலாம் :-)

திருநள்ளாறு போனவர்களுக்குத் தெரியும். நளதீர்த்தத்தில் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து முழுக்குப் போட்டுவிட்டுத்தான் சனி பகவானைப் பார்க்கப் போவார்கள். அங்கே எண்ணெயை அவரவரே தேய்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ஊர்ப்பக்கம் எண்ணெய் தேய்த்து விடுவதற்கென்றே தொழில்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் எங்கே கற்றுக்கொண்டார்கள், அந்தப் படிப்பு பிறகு என்ன ஆச்சு என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ ஏதாவது எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல வார்த்தை. மசாஜ் என்று இன்றைக்குச் சொல்கிறோம். நம்மிடம் இதற்கு வார்த்தைப் பஞ்சமே கிடையாது. அமுக்கி விடுறது, பிடிச்சு விடுறது, உருவி விடுறது, நீவி விடுறது, சுளுக்கு எடுக்கிறது, ஒவ்வொண்ணும் வேற வேற வேலை. சித்த மருத்துவத்தில் இதுக்குத் தொக்கணம் என்று பெயர். புற மருந்துகள் 32 என்று கணக்கு, அதில் இதுவும் ஒன்று. அதிலும் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏதோ ஒரு சாஃப்ட்வேர் லைப்ரரியோட ஃபங்ஷன் லிஸ்ட் மாதிரி இருந்தது.

மசாஜ் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கு மூலமான 'மாசே' என்ற வினைச்சொல் அச்சில் முதலில் எங்கே வருகிறது என்று தேடினால், பிரெஞ்சு அகராதிகள் 1779-ல் வந்த ஒரு பயணநூலைக் காட்டுகின்றன. எழுதியவர் லெ ஜான்டீல் என்ற வானியல்காரர். மனுஷன் கதை தனி சோகம். சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-ல் பிரான்சிலிருந்து கிளம்பினார். அவர் பாண்டிச்சேரி வந்து சேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டதால் 1761-ல் நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். ஆடுகிற கப்பலில் எதை அளப்பது? எட்டு வருஷம் இந்தப் பக்கமே இருந்து, 1768-ல் பாண்டிச்சேரிக்கு வந்து கூடம் கட்டிக் காத்திருந்தார். 1769 ஜூனில் அந்த நாள் வந்தது. சரியா அந்த நேரத்துக்கு மேகம் மூடிக்கிச்சு! 1771-ல் ஊர் திரும்பினால், ஆள் செத்துட்டார்னு முடிவு கட்டி சொத்தைப் பங்கு போடத் தயாராக இருந்தார்களாம். வெள்ளி கிடைக்கலைன்னாலும் ஒரு வார்த்தை கிடைச்சுது. அந்தச் சொல் அரபியிலிருந்து வந்ததா, போர்ச்சுகீசியரிடமிருந்து வந்ததா என்று பண்டிதர்களுக்குள் இன்னும் சண்டைதான். ஆனால் இந்தியக் கடலோரத்தைப் பற்றிய புத்தகத்தில் அது முதலில் அச்சேறியது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். நம்ம பக்கம் இந்தத் தொழிலைச் செய்தவர்கள் யார்? முடிதிருத்தும் சமூகத்தார். அவர்களுக்கு மருத்துவர் என்றே பெயர் உண்டு. அந்தச் சமூகத்துப் பெண்கள் மருத்துவச்சிகள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் முதல் தொகுதியிலேயே, இவர்கள் சவரம் மட்டுமல்ல, வைத்தியமும் பார்ப்பவர்கள், பெண்கள் பிரசவம் பார்ப்பவர்கள் என்று எழுதியிருக்கிறார்.

இது பழைய கதைதான் என்பதற்குக் கல்லிலேயே ஆதாரம் இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தில், 1068 வாக்கில், திருமுக்கூடல் கோயிலில் வெட்டிய கல்வெட்டு. வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்திருக்கிறது. சம்பளப் பட்டியலில் யார் யார்? ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டு வர ரெண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் ரெண்டு பேர், கூடவே ஒரு நாவிதர். ஆஸ்பத்திரி ஸ்டாஃப் லிஸ்ட்ல நாவிதர்! தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய பணியாளர் பட்டியலிலும் நாவிதர் உண்டு. அது கோயில் வேலை. இது ஆஸ்பத்திரி வேலை. எனக்கு இந்த ரெண்டாவது பட்டியல்தான் முக்கியம்.

இப்போ படிப்பு. இவர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, வீடுதான் பள்ளிக்கூடம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கத்தி தீட்டுவதில் ஆரம்பித்து, கட்டி கீறுவது, சுளுக்கு எடுப்பது, எண்ணெய் காய்ச்சும் பக்குவம் வரை பையன் கற்றுக்கொள்வான். மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் பிரசவம் பார்க்கும் வித்தை போகும். கூலி மாசச் சம்பளமாக வராது. டெல்டா ஊர்களில் அறுப்புக் களத்தில் நெல்லாக அளந்து கொடுப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு, மூணுக்கும் தனிக் கணக்கு. ஒரு ஊர் உடம்பு மொத்தமும் ஒரு குடும்பத்தின் கைக்குள். எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் தோள் இறங்கும், யாருக்கு முந்தின பிரசவத்தில் என்ன சிக்கல் என்பதெல்லாம் மருத்துவச்சிக்கு மனப்பாடம். பிறந்த குழந்தையைக் காலை நீட்டி, கால்மேல் கிடத்தி, எண்ணெய் தடவி, கை கால் உருவி, மூக்கு நீவிக் குளிப்பாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் மிக அதிகமாக நடந்த தொக்கணம் அதுதான் என்பேன். எந்தப் புத்தகத்திலும் அதைச் செய்த பாட்டிகளின் பெயர் கிடையாது.

இதை ரொம்ப அழகாக்கிக் காட்டவும் மனசு வரலை. தொடும் உரிமை இருந்தது, மதிப்பு இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவத்துக்கு வேணும், விடிஞ்சா திண்ணைக்கு மேல வரக்கூடாது. உடம்பைத் தொடுகிற வேலையே கீழானது என்று வைத்துவிட்ட ஊர் இது. 20-ஆம் நூற்றாண்டில் அந்தச் சமூகத்துச் சங்கங்கள் பழைய சாதிப்பெயரை விட்டுவிட்டு 'மருத்துவர்' என்ற பெயரையே கேட்டு வாங்கியதை வெறும் பெயர் மாற்றமாக நான் பார்க்கவில்லை. அது தொழில் உரிமைக்கான மனு.

இங்கே ஒரு சின்னப் பிரெஞ்சு வளைவு. காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது 1739. அவர்கள் நாட்டிலும் அப்போது நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே கூட்டம்தான். 16-ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்ற அம்புருவாஸ் பாரே நாவிதராகத் தொழில் கற்று அறுவை மருத்துவரானவர். 1743-ல் பதினைந்தாம் லூயி ஒரு ஆணை போட்டு ரெண்டையும் பிரித்தார். அறுவை மருத்துவர் ஆகணும்னா இனி கலைப்பட்டம் வேணும். நாவிதர்களுக்குச் சவரமும் டோப்பாவும். லண்டனில் ரெண்டு வருஷம் கழித்து, 1745-ல், அதே பிரிவு. நம்ம பாஷையில் சொன்னால் ஒரே புராஜெக்ட் ரெண்டா ஃபோர்க் ஆச்சு, ஒண்ணுக்கு மட்டும் ஃபண்டிங் கிடைச்சுது.

நம்ம பக்கம் அப்படி ஒரே நாளில் நடக்கவில்லை. மெதுவா நடந்தது. 1914-ல் சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. மேல்நாட்டு மருத்துவம் படித்தவர்களுக்குத்தான் பதிவேட்டில் இடம். (காரைக்காலுக்கு இந்தச் சட்டம் செல்லாது, 1954 வரைக்கும் இங்கே பிரெஞ்சு ராஜ்ஜியம். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறிடும், சுளுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.) நாட்டு வைத்தியர்கள் கொதித்தார்கள். 1921-ல் முகமது உஸ்மான் தலைமையில் குழு போட்டார்கள். வைத்தியர்களுக்குக் கேள்விகள் அனுப்பி பதில் வாங்கி, 1923-ல் அறிக்கை வந்தது. அடுத்த ரெண்டு வருஷத்துக்குள் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி. குழுவின் செயலராக இருந்த ஜி. சீனிவாசமூர்த்திதான் அதற்குத் தலைவர். சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றும் பாடம். சுதந்திரத்துக்குப் பிறகு 1964-ல் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி. 2005-ல் தாம்பரம் சானட்டோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். இன்றைக்கு வர்மம், தொக்கணம் எல்லாம் மேற்படிப்பு வரை பாடமாக இருக்கிறது. சந்தோஷமான விஷயம்தான், மறுக்கலை.

எனக்கு உறுத்துவது வேறு. பள்ளி திறந்த அன்றைக்கு 40 வயசில் தொழில் செய்துகொண்டிருந்த மருத்துவருக்கு அங்கே எந்த பெஞ்ச்? புதுசாக வரும் பையனுக்குப் பாடத்திட்டம் போட்டார்கள். ஏற்கனவே கை தேர்ந்தவரைக் கூப்பிட்டு, உங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவு, இதோட உடற்கூறு கொஞ்சம், சுத்தம் கொஞ்சம் சேர்த்துக்குங்க என்று சொல்லிக் கொடுக்கும் வழி கிட்டத்தட்ட எங்கேயுமே இல்லை.

'கிட்டத்தட்ட' என்று சொன்னதற்குக் காரணம் மருத்துவச்சிகள். 1885-ல் டஃபரின் நிதி, 1903-ல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி. இந்த ரெண்டாவது நிதியின் வேலையே பரம்பரை மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான். அவர்களை அழுக்கு, அறியாமை என்று திட்டிக்கொண்டேதான் செய்தார்கள், அதுவும் உண்மை. ஆனாலும் தொழிலில் இருப்பவருக்கே மேற்கொண்டு சொல்லிக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அங்கே இருந்தது. சுதந்திர இந்தியாவிலும் கிராமத் தாய்மார்களுக்கு அரசுப் பயிற்சி நடந்தது. 2005-ல் ஜனனி சுரக்ஷா யோஜனா வந்து பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனபின் அந்தக் கதையும் மங்கிவிட்டது. தாய் சேய் மரணம் குறையணும்னா ஆஸ்பத்திரிதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரசவம் போனதோடு, பிரசவத்துக்குப் பின் உடம்பு பிடித்துவிடும் வித்தையும் சேர்ந்து போக வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் என் கட்சி.

வேற மாதிரியும் நடந்திருக்கலாம் என்பதற்கு லண்டனைப் பாருங்க. 1894-ல் அங்கே மசாஜ் நிலையங்கள் என்ற பெயரில் வேறு தொழில் நடக்கிறது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் போட்டுத் தாக்கியது. மானம் போகிற நிலை. நான்கு பெண்கள், நர்ஸ்கள், அதே வருஷம் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ்காரர்கள் சங்கம் ஆரம்பித்தார்கள். தாங்களே பரீட்சை வைத்தார்கள், தாங்களே விதி போட்டார்கள். டாக்டர் சொல்லாமல் மசாஜ் கிடையாது. ஆண்களுக்குப் பொதுவாகக் கிடையாது, அவசரத்துக்கு மட்டும் விதிவிலக்கு. மருத்துவப் பத்திரிகை தவிர விளம்பரம் கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது. 1920-ல் அரச சாசனம் கிடைத்தது. இன்றைக்கு பிரிட்டனில் பிசியோதெரபிஸ்டுகளின் சங்கம் என்று இருப்பது அதன் வாரிசுதான். கை வேலை செய்தவர்களே பாடத்திட்டத்தையும் கையில் வைத்திருந்தார்கள், அதுதான் வித்தியாசம். அவர்கள் படித்த, மதிப்பான குடும்பத்துப் பெண்கள், டாக்டர்களிடம் போய்ப் பேச முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது. களத்தில் நெல்லுக்கு நின்றவரால் முடிந்திருக்குமா?

இங்கே 1970-ல் இந்திய மருத்துவ மத்தியக் குழு சட்டம் வந்தது. ஏற்கனவே தொழில் செய்தவர்களுக்குச் சில பாதுகாப்புகள் தந்தார்கள். அந்தத் தலைமுறையோடு அது முடியும், அடுத்தவர் கல்லூரி வழியாகத்தான் வரணும் என்பது கணக்கு. கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் வழக்கு போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018 ஏப்ரலில் தீர்ப்பு: தகுதியும் பதிவும் இல்லாமல் பரம்பரை என்று சொல்லி வைத்தியம் செய்ய முடியாது. நோயாளி பக்கம் நின்று பார்த்தால் அதைக் குறை சொல்ல முடியாது. எவன் வேணும்னாலும் கத்தியைத் தூக்க விட முடியுமா?

போன வருஷம் கழுத்து வலி தாங்காமல் (நம்ம தொழில்ல இது போனஸ்) சென்னையில் ஒரு ஸ்பாவுக்குப் போயிருந்தேன். பிடித்துவிட்ட பையனிடம் எங்கே கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். ஏதோ ஒரு நிறுவனத்தில் சில வாரக் கோர்ஸ், சர்டிபிகேட் உண்டு என்றார். "ஆனா நிஜமா கத்துக்கிட்டது எங்க தாத்தாகிட்டதான் சார், அதை இங்க சொல்றதில்ல" என்றார். ஏன்னு நான் கேட்கலை, அவரும் சொல்லலை. ரெண்டு பேருக்கும் தெரியும்.

நல்ல செய்தி ஒண்ணு இருக்கு. இந்தியத் தரக் குழு பாரம்பரிய வைத்தியர்களுக்கு ஒரு தன்னார்வச் சான்றிதழ் திட்டம் நடத்துகிறது. எலும்பு கட்டுதல், பிரசவம் பார்த்தல் மாதிரி ஒவ்வொரு வித்தைக்கும் தனியாக மதிப்பீடு. பட்டம் கேட்பதில்லை, செய்து காட்டச் சொல்கிறார்கள். திறன் மேம்பாட்டுத் திட்டங்களிலும் ஏற்கனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்றளிக்கும் வழி இருக்கிறது, ஸ்பா தெரபிஸ்ட், பஞ்சகர்மா டெக்னீஷியன் வேலைகள் அந்தப் பட்டியலில் உண்டு. இதெல்லாம் வைத்தியம் செய்யும் சட்ட உரிமையைத் தராது. ஆனால் தாத்தாவிடம் கற்றதைச் சொல்லிக்கொள்ள ஒரு காகிதம் தரும். திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு, அம்பகரத்தூர் பக்கம் உங்களுக்குத் தெரிந்த கைராசிக்காரர் யாராவது இருந்தால், அவரிடம் இந்த விஷயத்தைப் போய்ச் சொல்லுங்க. ஃபாரம் நிரப்ப ஆள் வேணும்னா நான் இருக்கேன்.