வாக்னரின் இசையும் ஹெலிகொப்டர்களும்: போரைப் புகழாக்கும் திரைப்பட முறை பற்றிய ஒரு குறிப்பு

போரைப் போற்றும் திரைப்படங்கள் அரசுகளின் தூண்டுதலாலேயே தோன்றுகின்றன என்ற கருத்து நம்மிடையே பரவலாக உண்டு. அதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. வியட்நாம் யுத்தம் உக்கிரமடைந்திருந்த 1968ஆம் ஆண்டில் ஜோன் வெயின் நடித்து, இயக்கத்திலும் பங்குகொண்ட 'த கிறீன் பெரேஸ்' அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒத்துழைப்புடனேயே உருவாயிற்று. ஆயின் அத்திணைக்களம் உதவ மறுத்த ஒரு படமும், பிரான்சிஸ் போர்ட் கொப்போலாவின் 'அப்பொகலிப்ஸ் நௌ' (1979), போர்வீரர்கள் விரும்பிப் பார்த்த படங்களுள் ஒன்றாயிற்று. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளப் படத்தின் கருத்தை மட்டுமன்றி அதன் காட்சிமுறையையும் நாம் நோக்குதல் வேண்டும்.

வியட்நாமியக் கிராமமொன்றை ஹெலிகொப்டர்கள் தாக்கும் காட்சி யாவரும் அறிந்ததே. கடலலைச் சறுக்கு விளையாட்டுக்கு உகந்த அலைகள் அங்கு உள்ளன என்பதே கில்கோர் என்னும் தளபதியை அக்கிராமத்தின்பால் ஈர்க்கின்றது. காலைக் கதிரவனின் ஒளியிலே அணிவகுத்து வரும் ஹெலிகொப்டர்களிலிருந்து ஒலிபெருக்கி மூலம் வாக்னரின் இசையை அவன் முழங்கச் செய்கிறான். எழுத்தளவில் இது கடுமையான எள்ளல் என்பதில் ஐயமில்லை. ஆனால் கமரா எங்கே அமர்ந்திருக்கிறது? பெரும்பாலும் வீரர்களுக்கு நடுவே, வானத்திலே. அங்கிருந்து நோக்கும் நமக்குக் கீழே ஓடுவோர் பெயரற்றவர்கள். பலருக்கு முகமும் இல்லை. இடையிலே ஒருமுறை படம் கிராமத்துக்குத் தாவுகிறது. இசை அறுந்து, பாடசாலைச் சிறுவர்களின் குரலும் அமைதியும் நிலவுகின்றன. பின்னர் தொலைவில் இசை மெல்லக் கேட்கிறது. சிறுவர்கள் அவசரமாக அப்புறப்படுத்தப்படுகின்றனர். மனச்சாட்சிக்குரிய இடம் இதுவே எனலாம். எனினும் நமது கணிப்பில், அந்த அமைதி இரக்கத்தை வளர்ப்பதைவிட, மீண்டும் எழவிருக்கும் இசைக்கே செவியை ஆயத்தப்படுத்துகிறது. இசை திரும்பும்போது நம்மையறியாமலே மனம் துள்ளுகிறது.

இவ்விசைக்கு ஒரு வரலாறு உண்டு. 1870இல் மியூனிக்கில் முதன்முதல் மேடையேறிய 'டி வல்கூர' என்னும் இசைநாடகத்தில், மாண்ட வீரரைத் தேர்ந்து வல்ஹாலாவுக்கு ஏந்திச் செல்லும் கன்னியரின் குதிரைச் சவாரியை அது குறிக்கின்றது. மரணத்தைப் பெரும்பேறாகக் காட்டும் கற்பனை அதன் பிறப்பிலேயே உண்டு. 1915இல் கிரிபித்தின் 'ஒரு தேசத்தின் பிறப்பு' திரையிடப்பட்டபோது, கூ கிளக்ஸ் கிளான் குதிரைவீரர்கள் "மீட்பர்களாக" விரைந்து வரும் காட்சிக்கு வாத்தியக்குழுவினர் இசைத்ததும் இதனையே. இரண்டாம் உலக யுத்தகாலத்து ஜேர்மனியச் செய்திப்படமும் வான்தாக்குதற் காட்சிகளுக்கு இதனைப் பயன்படுத்திற்று. இவற்றின் அரசியல் வேறு, கொப்போலாவின் அரசியல் வேறு. காட்சியின் கட்டுக்கோப்போ பெரிதும் ஒன்றே. ஒரே திசையில் விரையும் பல உருவங்கள், அவற்றை ஒன்றாகப் பிணைக்கும் ஒரே இசை, எதிரே தனித்த முகம் அற்ற பகைவர்.

படப்பிடிப்பு நிகழ்ந்த பிலிப்பைன்ஸிலே இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்க உதவி கிட்டாமையால் மார்க்கோஸ் அரசின் இராணுவ ஹெலிகொப்டர்களே வாடகைக்குப் பெறப்பட்டன. அவை சில வேளைகளில் படப்பிடிப்பை விட்டு, கிளர்ச்சியாளர்களுக்கெதிரான உண்மைப் போருக்கு அழைக்கப்பட்டன. போரை விமர்சிக்க முனைந்த படத்தின் விமானங்கள், இடைவேளையில் போருக்குப் போய்வந்தன!

1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்ததும், அமெரிக்கக் கடற்படைக் காலாட் படையினரான அன்ரனி ஸ்வொபர்டும் தோழர்களும் வியட்நாம் படங்களை நாட்கணக்கிற் பார்த்துத் தம்மை உற்சாகப்படுத்திக் கொண்டனர். நெறியாளர்கள் எதனை எண்ணி எடுத்திருப்பினும் வீரர்களுக்கு அவை யாவும் போருக்குச் சார்பான படங்களே என 2003இல் வெளியான தம் நினைவு நூலில் அவர் எழுதினார். அந்நூல் 2005இல் 'ஜார்ஹெட்' என்னும் படமாயிற்று. அதிலே, ஹெலிகொப்டர் காட்சி திரையில் ஓட, இளம் வீரர்கள் இசையோடு சேர்ந்து பாடி ஆர்ப்பரிக்கின்றனர். அப்படத்தைத் தொகுத்தவர் வோல்ற்றர் மேர்ச். 1979இல் கொப்போலாவின் படத்துக்கு ஒலியமைத்தவரும் அதன் தொகுப்பாளர்களுள் ஒருவரும் அவரே.