விசாரணையாளர் பெயரில் ஒரு விளையாட்டு

1926ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் ‘அப்சர்வர்’ ஞாயிறு இதழில் குறுக்கெழுத்துப் புதிர்கள் ‘தொர்க்கெமாதா’ என்னும் புனைபெயருடன் வெளிவரத் தொடங்கின. கத்தோலிக்கராகிய நமக்கு அப்பெயரைக் கேட்டதும் மனம் சற்றே கூசும். தொமினிக்கன் சபைத் துறவி தொமாசு தே தொர்க்கெமாதா, 1483இல் ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணை மன்றத்தின் தலைமை விசாரணையாளராகி, 1498இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தவர். எட்வர்டு போவிஸ் மேத்தர்ஸ் என்னும் ஆங்கிலக் கவிஞர் அப்பெயரைச் சூடிக்கொண்டது வேடிக்கைக்காகவே. வாசகரை வதைப்பதே தம் தொழில் என்று அவர் சொல்லாமற் சொன்னார்.

குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பரில் நியூயார்க்கில் பிறந்தபோது அதன் குறிப்புகள் நேரானவை; பொருளைச் சொன்னால் சொல்லைக் காணவேண்டும், அவ்வளவே. இங்கிலாந்தில்தான் அது மறைபொருட் புதிராக உருமாறியது. அதன் இயல்பை நம் மொழியிலேயே ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். “சிறு பாறையை அடுத்து விதையின் தலை தெரிய, வந்தது படிப்பு, மூன்றெழுத்து.” இதைப் படிக்கும் நம் உள்ளம் விதைப்பவர் உவமைக்கு ஓடும், பாறைமேல் விழுந்து கருகிய விதையை எண்ணும். புதிர் அமைத்தவர் விரும்பியதும் அதுவே. ஆனால் சிறு பாறை என்பது ‘கல்’. விதையின் தலை ‘வி’. இரண்டும் சேர்ந்தால் ‘கல்வி’. உவமையை மறந்து எழுத்தைப் பார்த்தவனுக்கே விடை கிட்டும். கண்டபின், எல்லாம் கண்முன்னேதான் இருந்தது என்னும் நாணமும் மகிழ்ச்சியும் ஒருங்கே எழும்.

மேத்தர்ஸின் புதிர்களில் அந்நாண மகிழ்ச்சி எப்போதும் கிட்டியதில்லை. அவர் படித்த நூல்களையெல்லாம் நாமும் படித்திருந்தாலன்றி அவிழாத முடிச்சுகள் பல. 1934இல் அவர் வெளியிட்ட கொலைப் புதிர் ஒன்றில் நூறு பக்கங்கள் வரிசை குலைத்து அச்சிடப்பட்டிருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தி விடை கண்டவர் அன்று இருவரே.

1939இல் அவர் மறைந்தபின் அவ்விடத்துக்கு வந்தவர், கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த ஆசிரியர் மக்நட். அவரும் பின்னர் ஒரு விசாரணையாளரின் பெயரையே தேர்ந்தார்: ‘ஹிமேனெஸ்’. 1507 முதல் 1517 வரை அப்பொறுப்பில் இருந்த கர்தினால் சிஸ்னெரோசின் மறுபெயர் அது. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் மூலங்களை அருகருகே வைத்த அல்காலா விவிலியத்தை அச்சேற்றிய பேரறிஞர் அவர். கிரனாடாவில் இஸ்லாமியரை வற்புறுத்தி மனமாற்றம் செய்வித்து, அரபு நூல்களை எரித்தவரும் அவரே. இரு செயலும் ஒரே கையால் நிகழ்ந்தன; நாம் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தல் தகாது.

அப்பெயரைத் தாங்கிய ஆசிரியரோ புதிர்க்கலைக்குச் சட்டம் வகுத்தார். வெல்ஸ் பேராலயப் பள்ளியின் தலைமையாசிரியரும் ஆங்கிலிக்கக் குருவுமான ரிச்சி 1949இல் வெளியிட்ட நூலில் அதற்கு வழிகாட்டியிருந்தார். வாசகரைத் திசைதிருப்பும் உரிமை புதிர் அமைப்பவர்க்கு உண்டு; விடைக்கு வேண்டியதைச் சொல்லாமல் விடும் உரிமை இல்லை என்பது அவர் கருத்து. மக்நட் 1966இல் எழுதிய நூல் இதனை விரித்துரைத்தது. குறிப்பில் ஒரு சொல்லும் வீணாகக் கூடாது. ஒரு சொல்லும் குறையக் கூடாது.

இவ்விடத்தில் நாம் சற்றே நிற்கவேண்டும். உண்மையான விசாரணை மன்றத்தில் சாட்சிகளின் பெயர் கைதிக்கு மறைக்கப்பட்டது. தாம் ஏன் பிடிபட்டோம் என்பதையும் அவரே ஊகித்துச் சொல்லுமாறு கேட்டனர். அதுவும் ஒரு புதிர்தான். குறிப்பே தராத புதிர். நம் நாட்டிலும் கோவாவில் 1560இல் அம்மன்றம் நிறுவப்பட்டது. உண்மையின் பெயரால் இழைக்கப்பட்ட இத்தகைய வன்முறைகளுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 மார்ச் 12 அன்று இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அம்மன்றம் கைதிக்கு மறுத்த நேர்மையை, அதன் தலைவர் பெயரைத் தாங்கிய ஒரு விளையாட்டு தன் வாசகர்க்கு வழங்கியதை எண்ண நமக்கு வியப்பே உண்டாகிறது.

இவ்வகையில் மிகக் கடினமானவை ‘லிசனர்’ இதழில் 1930இல் தொடங்கிய கருப்பொருட் புதிர்கள். 1991இல் அவ்விதழ் நின்றபின் அவை ‘டைம்ஸ்’ நாளிதழுக்குச் சென்றன. இங்கே விடை கண்டாலும் தொல்லை தீராது. சில சொற்களுக்குக் குறிப்பே இராது. சில விடைகளை உருமாற்றியே கட்டத்தில் இடவேண்டும். எவ்வாறு என்பது மறைந்திருக்கும் கருப்பொருளைப் பொறுத்தது. சேம்பர்ஸ் அகராதியைப் புரட்டிப் பல நாள் கழிப்போர் உண்டு. வேலையற்றோர் வேலை என்று நகைப்போரும் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. பாதிக் கட்டம் நிரம்பிய நிலையில், தனித்தனியே கிடந்த சொற்கள் திடீரென ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் அந்தக் கணம், பொறுமையோடு காத்தவர்க்கு மட்டுமே வாய்ப்பது.

ஜான் கிரகாம் என்னும் ஆங்கிலிக்கக் குரு 1958 முதல் ‘கார்டியன்’ நாளிதழில் புதிர் அமைத்தவர். ‘அரவுக்காரியா’ என்னும் மரத்தின் பெயரே அவர் புனைபெயர். ஆங்கிலேயர் அதனைக் குரங்குக்கும் புதிரான மரம் என்பர். மணமுறிவால் குருத்துவப் பணியையும் வருவாயையும் இழந்த காலத்தில் புதிர்களே அவருக்குச் சோறிட்டன. 2013 ஜனவரியில், தம் 91ஆம் வயதில், அவர் ஒரு புதிரை வெளியிட்டார். அரவுக்காரியாவுக்கு 19இல் 18 இருக்கிறது, அதற்கு 13, 15 கொண்டு கவனிப்பு நடைபெறுகிறது என்று முன்குறிப்பு கூறிற்று. வாசகர் வழக்கம்போல் எழுதுகோலை எடுத்தனர். 18 புற்றுநோய் என்று வந்தது. 19 உணவுக்குழல். 13, 15 வலிதணிப்புப் பராமரிப்பு. ஒவ்வோர் எழுத்தாகத் தாமே நிரப்பி, தாமே அறிந்தனர். அதன்பின்னும் அவர் புதிர்கள் தொடர்ந்து வந்தன. நவம்பர் 26 அன்று அவர் காலமானார்.